அப்பாவின் பழைய காரைக் கட்டுப்படியாகும் செலவில் சரிசெய்ய: பட்டறை தேடும் முன்னும் தேடிய பின்னும்

உங்கள் கேள்வி இது: அப்பா ஓட்டிய கார் பதினைந்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது. விற்க மனம் வரவில்லை. விசாரித்த இடங்களில் சொல்லும் தொகையோ அந்தக் காரின் சந்தை விலையைப் போலப் பல மடங்கு. நியாயமான கூலிக்குச் செய்து தரும் பட்டறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கார் வேலையில் பெரும்பணம் போவது கூலிக்குத்தான். ஒரு காரை முழுதாகக் கழற்றி, பாடியைச் சுரண்டி, துருவை வெட்டி, தகடு வைத்து, பெயின்ட் அடித்து, திரும்பப் பூட்ட 1,000 மணி நேரம் ஆவது சாதாரணம். கார் மோசமாக இருந்தால் 2,000 மணி நேரம்கூட ஆகும். மணிக்கூலி குறைந்த இடமாகப் பார்த்துப் பத்து சதவீதம் மிச்சம் பிடிப்பதைவிட, 1,000 மணி நேர வேலையை 200 மணி நேரத்துக்குள் அடக்குவதில் கிடைக்கும் மிச்சம் மிகப் பெரிது. ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்பதை நீங்கள் முடிவு செய்துகொண்டுதான் பட்டறைப் படி ஏற வேண்டும். "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்று கேட்டால் நேர்மையான ஆள் பெரிய தொகைதான் சொல்வார். சிறிய தொகை சொல்கிறவர் எதையோ விட்டுவிடப் போகிறார்.

நினைவுக்காக வைத்திருக்கும் காருக்கு அவ்வளவு வேலை பெரும்பாலும் தேவைப்படாது. ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், துரு மேலே பரவாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் குடும்பத்தோடு வெளியே எடுத்துப் போகலாம். கை பட்டுத் தேய்ந்த ஸ்டீயரிங், டேஷ்போர்டில் ஒட்டிய ஸ்டிக்கர், உட்கார்ந்து குழிந்த டிரைவர் சீட், இவையெல்லாம் அப்பா விட்டுப்போன தடங்கள். மாற்றிவிட்டால் எந்தப் பணத்துக்கும் திரும்பக் கிடைக்காது. "இவற்றைத் தொடக்கூடாது" என்று ஒரு தாளில் எழுதிப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். நல்லெண்ணத்தில் 'சுத்தம் செய்து' அழித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மங்கிப்போன பெயின்டையும் உடனே சுரண்டச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டுக்கு மேலே பெரும்பாலும் கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) கிடையாது, நிறமே மேற்பரப்பு. டிக்கி மூடியின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் நைசான ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறும், பயப்பட வேண்டாம், வெயிலில் செத்த மேல் அடுக்குதான் அது. கீழே பளபளப்பு வந்தால் பெயின்ட் செலவு முழுவதையும் தள்ளிப் போடலாம்.

அடுத்தது நீங்களே செய்யவேண்டிய பரிசோதனை. ஒரு விடுமுறை நாள் போதும். டார்ச், சின்ன ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய காந்தம், கேமரா உள்ள போன், இவ்வளவுதான் வேண்டும். முதலில் பார்க்கவேண்டியது பாடியை. இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், காரை உண்மையில் கொல்வது துருதான். உள்ளே விரித்த ஃப்ளோர் மேட்டை எல்லாம் எடுத்துவிட்டுத் தரைத்தகட்டின் ஓரங்கள், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பூட்டும் இடம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், பேட்டரி தட்டு, டிக்கிக்குள் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், கதவுகளின் அடி விளிம்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். இரும்பு 'டக்' என்று எதிர்த்தால் நல்லது. சரசரவென்று உதிர்ந்தாலோ முனை உள்ளே போனாலோ அந்த இடத்தைப் படம் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, இருக்கிறது. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் இரவல் கிடைத்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும்: கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும், 300-ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள், 1,000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. பழைய காரின் அடிப்பக்கத்தில் மட்டும் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். துருவை மூட அது மலிவான வழி.

இங்கே காரின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். ஜீப், பழைய லேண்ட் ரோவர், ஹெரால்ட் போன்றவற்றில் சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. தரைத்தகடு ஓட்டையானாலும் வண்டியின் பலம் பெரும்பாலும் சேசிஸில் இருக்கும். அம்பாசடர், ஃபியட் 1100, மோரிஸ் மைனர் போன்றவற்றில் பாடியே எலும்புக்கூடு. சில் போனால் காரின் முதுகெலும்பு போனது போல. அப்படிப்பட்ட காரில் சில்லை வெட்டி மாற்றும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயால் முட்டுக் கொடுத்து வெல்டு வைக்க வேண்டும். வைக்காமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், புதுச் சில்லை வெல்டு செய்த பிறகு கதவு மூடாது. கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலை செய்வதும் இதே தவறுதான். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி, சுற்றிலும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டு அடிக்க வேண்டும். பட்டறைக்காரரின் தரத்தை அறிய "சில் மாத்தும்போது எப்படி முட்டுக் கொடுப்பீங்க?" என்ற கேள்வி ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

இன்ஜினைப் பொறுத்தவரை, புது பேட்டரியைப் போட்டு உடனே செல்ஃப் அடிப்பதுதான் எல்லோரும் செய்வது, அதைத்தான் செய்யக்கூடாது. வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு டீஸ்பூன் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் ஊறட்டும், நீளக் குழாய் போட்டு நெம்ப வேண்டாம். சுற்றியதும் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபில் சில விநாடி சுற்றி ஆயில் பிரஷர் வருகிறதா என்று பாருங்கள். பிளக் துளைகளுக்கு மேலே துணி போட்டுக்கொள்ளுங்கள், ஊற்றிய எண்ணெய் பீய்ச்சியடிக்கும்.

அதன் பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று கேஜ் வைத்து அளப்பது. இந்த ஒரு பரிசோதனை ஒரு முழு இன்ஜின் வேலைக்கான பணத்தையே காப்பாற்றித் தரக்கூடும். எல்லா பிளக்குகளும் கழற்றிய நிலையில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு, செல்ஃபில் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். காருக்குக் கார் எண் மாறும். ஆனால் உயர்ந்த எண்ணுக்கும் தாழ்ந்த எண்ணுக்கும் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜினை இறக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு என்றால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், கூலி பெருமளவு குறையும். நான்கு எண்களையும் தேதியோடு எழுதிவையுங்கள். "இன்ஜின் இறக்கித்தான் ஆகணும்" என்று யாராவது சொல்லும்போது அந்தத் தாளை நீட்டிக் காரணம் கேட்கலாம். ஹெட்டைக் கழற்றும்படி வந்தால், ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்த இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் (வால்வு உட்காரும் வளையம்) போட்டுவிடச் சொல்லுங்கள். ஈயமில்லாத பெட்ரோலில் மென்மையான வார்ப்பிரும்பு சீட் நாளடைவில் உள்வாங்கிவிடும்.

பெட்ரோல் டேங்கை இறக்காமல் ஒரு மெக்கானிக் "கார்பரேட்டர் சர்வீஸ் பண்ணிட்டேன்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். பழைய பெட்ரோல் பிசினாகிவிடும், உள்ளே துரு இருக்கும், ஒரு வாரத்தில் கார்பரேட்டர் மறுபடி அடைத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ்கள் அனைத்தும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற வேண்டும், பழைய ரப்பர் இப்போதைய பெட்ரோலில் ஊறிக் கரைந்து கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பிரேக்கில் சமரசமே கிடையாது. வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ், ஃப்ளூயிட் எல்லாம் புதிதாக வேண்டும். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் வீங்கி ஒருவழிப் பாதையாகிவிடும்: மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

இப்போது உங்கள் கையில் படங்கள், கம்ப்ரஷன் எண்கள், துரு இடங்களின் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. பட்டறையைத் தேடலாம்.

விளம்பரப் பலகை பெரிதாக உள்ள ரெஸ்டோரேஷன் கடைகளில் தொடங்க வேண்டாம். அவர்கள் பெரும்பாலும் கண்காட்சிக்குப் போகும் கார்களைச் செய்கிறவர்கள், அவர்கள் கூலியும் அதற்கேற்ப இருக்கும். உங்கள் மாடலையே வைத்திருப்பவர்களின் கிளப்பில் கேளுங்கள், ஆனால் "நல்ல பட்டறை எது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "உங்க காருக்கு வெல்டிங் யார் செஞ்சது? எத்தனை வருஷம் ஆச்சு? மறுபடியும் அவர்கிட்ட கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். இன்னும் நல்ல தகவல் லேத் பட்டறையிலும் பழைய ஸ்பேர் விற்கும் கடையிலும் கிடைக்கும். கிராங்க் அரைக்கவும் சிலிண்டர் போர் போடவும் யார் வேலை கொண்டுவருகிறார்கள், யாருடைய இன்ஜின் திரும்பத் திரும்ப வருகிறது என்பது லேத்காரருக்குத் தெரியும். கார்பரேட்டர் எந்தக் கம்பெனியுடையது என்று பார்த்தவுடன் சொல்லும் ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரை அவர்களே கைகாட்டுவார்கள்.

எல்லா வேலையையும் ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே பட்டறையில் கொடுத்தாலும் அவர்கள் சீட் வேலையை வெளியே டெய்லரிடமும், ரேடியேட்டரை ரேடியேட்டர் கடையிலும், குரோமை முலாம் பூசுபவரிடமும்தான் அனுப்பி, மேலே தங்கள் பங்கை ஏற்றிக்கொள்வார்கள். டைனமோ, செல்ஃப் மோட்டார், ரேடியேட்டர், டேங்க், சீட் இவற்றைக் கழற்றி நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கலாம். டிங்கரிங்கையும் மெக்கானிக் வேலையையும்கூடப் பிரிக்கலாம். பிரிக்கும்போது வரிசை முக்கியம்: வெல்டிங் முதலில், மெக்கானிக்கல் பிறகு, பெயின்ட் அதற்குப் பிறகு, சீட்டும் பீடிங்கும் (கண்ணாடி, கதவு ஓர ரப்பர்) கடைசி. வெல்டிங் தீப்பொறி புதுக் கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகக் குழி விழும், போகவே போகாது.

ஒரு பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் மூலையைப் பாருங்கள். தூசு படிந்து, டயர் காற்று இறங்கி, உள்ளே பெட்டிகளும் பம்பர்களும் அடைத்து வைத்த பழைய கார்கள் எத்தனை நிற்கின்றன? அவை எப்போது வந்தன என்று கேளுங்கள். விபத்து வண்டிகளும் தினசரி சர்வீஸும் பார்க்கும் பட்டறைக்கு வருமானம் வேகத்தில்தான் இருக்கிறது. இன்று வரும் வண்டி நாளை போனால்தான் வாடகை கட்ட முடியும். உங்கள் கார் எப்போதும் 'அப்புறம் பார்க்கலாம்' வரிசையில் நிற்கும், ஆறு மாதத்தில் மூலைக்குப் போகும், கழற்றிய பாகங்கள் வேறு வண்டிப் பாகங்களோடு கலக்கும். அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல, அந்தத் தொழிலின் கணக்கு அப்படி. இதை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: வேலை குறைந்த நாட்களில் செய்துகொள்ளட்டும், அதற்கு மணிக்கூலியைக் குறைக்கட்டும், ஆனால் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் கட்டாயம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவசரம் இல்லை என்பதே பேரத்தில் உங்கள் பலம்.

முடித்து மெருகேற்றிய காரைக் காட்டினால் பாராட்டிவிட்டு, பாதி வேலையில் இருக்கும் காரைக் காட்டச் சொல்லுங்கள். தரம் தெரிவது அங்கேதான். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு விளிம்போடு விளிம்பு சேர்த்துப் புதுத் தகடு வைத்திருக்கிறார்களா, அல்லது துருவின் மேலேயே தகட்டை ஒட்டியிருக்கிறார்களா? ஒட்டு போட்டால் இரண்டு தகடுக்கும் நடுவே ஈரம் தங்கி முன்பைவிட வேகமாக அரிக்கும். பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகிறதா? வெறும் இரும்பில் எபாக்ஸி பிரைமர் அடித்திருக்கிறார்களா? சாதாரண சர்ஃபேசர் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், பிரைமரோடு மாதக்கணக்கில் நிற்கும் கார் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பானெட், கூரை போன்ற அகலத் தகடுகளை மணல் அடித்துச் சுத்தம் செய்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தகடு நெளிந்துவிட்டால் திரும்ப நேராகாது. இங்கே பெயின்ட் ரிமூவரும் கைவேலையும்தான் சரி. போன மாதம் முடித்த வண்டியின் சொந்தக்காரரிடம் பேசுவதால் பயன் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் செய்துகொண்டவரிடம் பேசுங்கள். துருவின் மேல் போட்ட பட்டி ஒன்றிரண்டு வருடத்தில் கொப்பளித்து வெளியே வந்துவிடும்.

பணத்தைப் பேசும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முழு வேலைக்கும் ஒரே தொகை கேட்பது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தொழில் தெரிந்தவர் பயத்தில் கூட்டிச் சொல்வார், தொழில் தெரியாதவர் குறைத்துச் சொல்லி நடுவில் நிறுத்திவிடுவார். கட்டம் கட்டமாகப் பேசுங்கள். முதல் கட்டம், கழற்றிப் பார்த்து, வேலைகளை எழுதித் தருவது மட்டும். அதற்குக் கூலி கொடுத்து முடித்துவிடுங்கள், விரும்பாவிட்டால் காரை எடுத்துக்கொண்டு போகும் உரிமை இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் மணிக்கூலியோடு ஓர் உச்சவரம்பு வையுங்கள், அதைத் தாண்டும் என்றால் நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எத்தனை மணி நேரம், என்ன வேலை, படங்கள், பில். பெரிய அட்வான்ஸ் வேண்டாம். பாகங்களை நீங்களே வாங்கிக் கொடுங்கள், அல்லது கடைக்கு நேரடியாகப் பணம் கட்டுங்கள். எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள், அது செலவாகும்.

எழுதிக்கொள்ளவேண்டிய இன்னும் மூன்று விஷயங்கள்: கார் பட்டறையில் இருக்கும்போது தீ, திருட்டுக்கு யார் இன்சூரன்ஸ் பொறுப்பு, நிறுத்தி வைக்க வாடகை உண்டா, கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தும் உங்களுக்கே திரும்ப வர வேண்டும். புதுப் பாகம் பொருந்தி ஓடும்வரை பழையதைத் தூக்கி எறியவே கூடாது. இப்போது செய்து விற்கும் பாடித் தகடுகளும் ரப்பர்களும் பல சமயம் சரியாக உட்காராது, அப்போது பழையதைச் சரிசெய்து போடுவதே நல்லது. சேசிஸ் எண், இன்ஜின் எண் பொறித்த இடங்களை முன்கூட்டியே தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் பொறித்த தகட்டை வெல்டர் தெரியாமல் வெட்டிவிட்டால் பதிவு ஆவணங்களில் பெரும் சிக்கல் வரும்.

கூலியைக் குறைக்க நீங்களே கழற்றலாம், ஆனால் ஓர் எல்லை வரைக்கும். சீட், மேட், உள்பக்கப் பலகைகள், பம்பர், விளக்குகள் சரி. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம், கழற்றிய ஸ்க்ரூக்கள் தனித்தனிப் பையில், பையின் மேல் எந்த இடம் என்ற எழுத்து. அடிப்பக்கத்துச் சேறும் கிரீஸும் கழுவிக் கொடுத்தால் அதுவும் பல மணி நேரக் கூலி மிச்சம். ஆனால் முழுக் காரையும் பிரித்துப் பெட்டிகளில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். எது எங்கே என்று தெரியாத காரைப் பூட்டுவது கழற்றுவதைப் போல இரண்டு மடங்கு வேலை, சொல்லும் தொகையும் ஏறும், பல பட்டறைகள் தொடவே மறுக்கும். குரோம் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று அடுக்கு, அதற்கு முன் மெருகேற்றும் கைவேலைதான் செலவு. குழி விழுந்த வார்ப்புக் கைப்பிடிகளைச் செப்பனிடுவதைவிட நல்ல நிலையில் உள்ள பழையதைத் தேடி வாங்குவது பெரும்பாலும் மலிவு.

மொத்தப் பணமும் இப்போது இல்லை என்றால் வெல்டிங்கும் பிரேக்கும் மட்டும் இந்த வருடம் செய்துகொள்ளலாம். வெல்டிங் முடிந்ததும் சில், கதவு, பெட்டி வடிவச் சட்டங்கள் போன்ற மூடிய இடங்களுக்குள் மெழுகுப் பூச்சு பீய்ச்சச் சொல்லுங்கள். வீட்டில் மண் தரையில் நிறுத்தாதீர்கள், மூச்சுவிடும் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

காரை எடுக்கப் போகும் நாளில் பகல் வெளிச்சத்தில் போங்கள். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி பீடிங், கதவுகள் மேல் ஐந்து நிமிடம் அடித்து உள்ளே மேட்டைத் தொட்டுப் பாருங்கள். மெக்கானிக்கை உடன் ஏற்றிக்கொண்டு 30 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் நான்கு சக்கர டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பிரேக் விடவில்லை. ஒரு அட்டையை அடியில் விரித்து இரவு முழுக்க நிறுத்தினால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். ஹெட் கழற்றியிருந்தால், ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட்டுக்காக போல்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்று காரின் மேனுவல் சொன்னால், முதல் 500 கிலோமீட்டரில் அதே மெக்கானிக்கிடம் ஹெட் போல்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கி, டேப்பட் (வால்வு) இடைவெளி பார்த்து, ஆயிலை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கான கூலியையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.